ஊன்றுகோலும் உரிமையும்

சங்கப் புலவர் சிலருக்கு இயற்பெயர் இன்னதென்று இன்று தெரியவில்லை. அவர் பாடிய பாட்டில் அமைந்த அழகிய சொற்றொடர் ஒன்றே அவருக்குப் பெயராய் நின்றுவிட்டது. அத்தகையோருள் ஒருவர் தொடித்தலை விழுத்தண்டினார். புறநானூற்றின் 243-ஆம் பாட்டு அவருடையது. தொடி என்பது பூண். தண்டு என்பது கோல். பூண் கட்டிய தலையினையுடைய பருத்த ஊன்றுகோல் என்பதே அப்பெயரின் பொருள்.

அப்பாட்டில் ஒரு முதியவர் தம் இளமையை நினைந்து இரங்குகின்றார். நீரின்மேல் தாழ்ந்து படிந்த மருதமரத்தின் கிளையிலேறி, கரையில் நிற்பார் வியக்கும்படி ஆழ்மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலெழுந்த காலம் ஒன்று. ஊன்றிய கோலோடும், இருமலுக்கிடையே வெளிப்படும் சில சொற்களோடும் கழிகின்ற காலம் மற்றொன்று. கழிந்துபோன இளமையை எண்ணி அப்பாட்டில் உருகாதார் இலர். வகுப்பிற் பாடஞ்சொல்லும் நாமும் அந்த உருக்கத்தையே மாணவர்க்குக் காட்டி அமைகின்றோம். அந்தக் கோலை நின்று நோக்குவார் அரியர்.

நோக்கினால் ஒன்று விளங்கும். அது மரத்திலிருந்து முறித்தெடுத்த வெறுங்கொம்பன்று. முதியவரின் பாரத்தைத் தாங்கத்தக்க பருமன் அதற்கு உண்டு. மரம் பிளவுபடாமற் காக்கும் பூண் உண்டு. அந்தப் பூணினால் ஓர் அழகும் உண்டு. யாரோ ஒரு தச்சனும் யாரோ ஒரு கொல்லனும் ஒரு முதியவரின் கையையும் காலையும் மனத்தையும் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். எண்ணிப் பார்த்துச் செய்த அந்தப் பொருள் ஒரு புலவருக்குப் பெயராகவும் ஆயிற்று. முதியோர்க்கெனப் பொருள்களையும் இடங்களையும் திட்டமிட்டு அமைக்கும் கலையை இக்காலத்தார் முதியோர்க்கான வடிவமைப்பு என்பர். பெயர் புதிது, பொருள் பழையது.

கிழவன் என்ற சொல்

இக்காலத்திலே 'கிழவன்' என்று ஒருவரை அழைத்தால் அவர் சினங்கொள்வார், கொள்வது முறையே. ஏளனம் தோன்ற அச்சொல்லை வழங்கப் பழகிவிட்டோம். தொல்காப்பியத்திலோ கிழவன், கிழத்தி என்பன தலைவனையும் தலைவியையும் குறிக்கும். அவர்கள் இளையோர். கிழமை என்பதற்கு உரிமை என்பது பொருள். ஆதலின் கிழவன் என்பான் உரிமையுடையவன். ஊருக்கு உரியவர் ஊர்கிழார் ஆயினர். காலப்போக்கில் உரிமை என்ற பொருள் தேய்ந்தது. வயது மட்டும் எஞ்சியது. சொல்லில் நேர்ந்த இந்தத் தேய்வு வாழ்விலும் நேர்ந்ததோ என்று ஐயுற வேண்டியுள்ளது. வீட்டைக் கட்டியவர் அந்த வீட்டின் குளியலறைக்குத் தனியே போக இயலாதிருப்பது உரிமைத் தேய்வன்றி வேறென்ன?

இலக்கணத்தார் ஆறாம் வேற்றுமையின் பொருளாகிய கிழமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுப்பர். 'சாத்தனது கை' என்பது தற்கிழமை, பிரிக்க முடியாதது. 'சாத்தனது கோல்' என்பது பிறிதின்கிழமை, பிரிந்து நிற்கக்கூடியது. முதுமையிலே தற்கிழமைப் பொருள்களாகிய கையும் காலும் கண்ணும் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. அப்போது பிறிதின்கிழமைப் பொருளாகிய கோல் கையாகவும், கண்ணாடி கண்ணாகவும், சுவரிற் பதித்த பிடிகம்பு தோளாகவும் நின்று உதவவேண்டும். அவ்வாறு உதவுமாறு பொருளைச் செய்வதே நல்ல வடிவமைப்பு.

எண்ணிக்கை கூறும் செய்தி

2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுக்கு 12.4 பேர். எட்டுப் பேர் கூடிய இடத்தில் ஒருவர் முதியவர் என்று கொள்ளலாம். அதன்பின் அப்பங்கு வளர்ந்தே வந்துள்ளது. பிறப்புக் குறைந்தது; வாழ்நாள் நீண்டது. இரண்டும் நல்ல மருத்துவத்தாலும் கல்வியாலும் வந்த பேறுகள். பேறு வந்த வேகத்தில் வீடும் வீதியும் மாறவில்லை என்பதே குறை.

அரசு வாளாவிருந்ததென்று சொல்லுதற்கில்லை. 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தற்கென்றே இயற்றப்பட்டது. அதன்வழி முதியோர்க்கான தேசிய சபையும் செயலகமும் அமைந்தன. தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோருதற்கு ஒரு சபையும் அமைந்தது. சட்டத்தின் பெயரிலே 'உரிமை' என்ற சொல் நிற்றலைக் காணுங்கள். தொல்காப்பியர் காலத்துக் 'கிழமை' வேறு வடிவில் மீண்டு வந்திருக்கின்றது.

ஆயினும் பிள்ளை சோறு தரவேண்டும் என்று சட்டம் கூறலாம். அந்தச் சோற்றை உண்டபின் கைகழுவப் போகும் வழியில் ஈரத்தரை வழுக்காதிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் வீட்டுக்குள் வந்து பார்க்கும்? உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, விழுந்து உயிரிழப்போர் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர். அவருள் 60 வயதைக் கடந்தோரே மிகுதி. வீதி விபத்தில் ஒருவர் இறந்தால் செய்தித்தாள் கூறும். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, படுக்கையிற் சில திங்கள் கிடந்து மடிந்த மூதாட்டியைப் பற்றி 'வயது போய்விட்டது' என்ற இரண்டு சொற்களோடு ஊர் அமைகின்றது. வயதா அவரைக் கொன்றது? வழவழப்பான தரை கொன்றது. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத சுவர் கொன்றது.

கிண்ணியாவின் துறையும் பாலமும்

கிண்ணியா நீர் சூழ்ந்த ஊர். தம்பலகாமத்து நீர்ப்பரப்பு ஒருபுறம், கொட்டியாரக் குடா மற்றொருபுறம். வயலும் கடலும் இவ்வூரார்க்கு இரு கைகள். நெடுங்காலம் திருகோணமலைக்குப் போவார் துறையிலே நின்று, 'பாதை' எனப்படும் மிதவை வரும்வரை காத்திருந்து கடந்தனர். அலையில் ஆடும் மிதவையில் ஏறுதற்கு ஓர் அடி எடுத்துவைக்க வேண்டும். இளைஞர்க்கு அது விளையாட்டு. எழுபது வயதினர்க்கு அது துணிவுச் செயல். இருவர் இருபுறமும் தாங்கினாலன்றி இயலாதென்ற நிலையிலே, நகரத்து மருத்துவமனைக்குப் போகவேண்டிய முதியவர் 'இன்னொரு நாள் பார்க்கலாம்' என்று வீட்டிலேயே தங்கிவிடுவார். அந்த இன்னொரு நாள் சிலருக்கு வந்ததில்லை.

2009-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், சவூதி அரேபிய நிதியுதவியோடு கட்டப்பெற்ற 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்துவைக்கப்பட்டது. அதனால் விளைந்த நன்மையை இவ்வூரார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முதியோர் நோக்கிலே ஒரு கணக்கு மட்டும் சொல்லலாம். ஒரு நொடிக்கு 1.2 மீற்றர் நடக்கும் இளைஞன் ஐந்தரை நிமிடத்தில் அத்தொலைவைக் கடப்பான். நொடிக்கு அரை மீற்றர் நடக்கும் முதியவர்க்குப் பதின்மூன்று நிமிடம் ஆகும். நண்பகல் வெயிலில் அப்பதின்மூன்று நிமிடம் மிக நெடிது. பாலம் எதுவாயினும், அதன் நடைபாதையில் இடையே நின்று இளைப்பாற ஓரிடமும், சாய்ந்து நிற்க ஒரு கம்பியும், சிறு நிழலும் வேண்டுமென்று எண்ணுவதே முதியோர்க்கான வடிவமைப்பு. ஊர்தி கடந்தாற் போதும் என்பது பொறியியலின் முதற்பாடம். மனிதன் கடக்கவேண்டும் என்பது அதன் இரண்டாம் பாடம்.

மெலியோரை எண்ணாத துறை எல்லார்க்கும் இடர் என்பதை இவ்வூர் மிகுந்த துயரத்தோடு கற்றது. குறிஞ்சாக்கேணியிற் புதிய பாலம் கட்டப்பட்டுவந்த காலத்திலே மக்களைக் கடத்திய மிதவை, 2021-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாட் காலையிற் கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட சிறார் உட்படப் பலர் உயிரிழந்தனர். அந்நாளை இங்கே விரித்துக் கூற மனம் ஒப்பவில்லை. ஒன்று மட்டும் கூறவேண்டும். ஒரு துறையையோ ஊர்தியையோ அமைக்கும்போது, வலியவன் கடப்பானா என்று கேட்பது பயனற்ற கேள்வி. ஆறு வயதுப் பிள்ளையும் எழுபத்தாறு வயது மூத்தம்மாவும் பிறர் கைபற்றாமல் அச்சமின்றிக் கடப்பாரா என்று கேட்கவேண்டும். அக்கேள்விக்கு 'ஆம்' என்று விடை வருமாயின் ஊரார் அனைவரும் கடப்பர்.

முன்னோர் அமைத்த சுமைதாங்கி

'இவையெல்லாம் மேனாட்டார் புதுமை' என்று சிலர் கூறக்கூடும். அன்று. தமிழ் வழங்கும் ஊர்களிலே பழைய வழிகளின் ஓரத்தில் இன்றும் சில சுமைதாங்கிகளைக் காணலாம். இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய எளிய அமைப்பு அது. கல்லின் உயரத்திலேதான் நுட்பம் இருக்கின்றது. தலைச்சுமையோடு வருபவர் குனியாமலே சுமையை அதன்மேல் தள்ளிவிடலாம். இளைப்பாறிய பின் பிறர் உதவியின்றி மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். வழியில் ஆளில்லாத நேரத்திலும் சுமை தூக்குவார்க்குத் துணைவேண்டும் என்று எண்ணியவன் அதனை அமைத்தான். அளவு தவறினால் அது வெறுங்கல்.

அதனருகே ஆவுரஞ்சிக்கல் நிற்பதுமுண்டு. பசு உடம்பைத் தேய்த்துக்கொள்வதற்கென நட்ட கல். தினவெடுத்த மாட்டின் உயரத்தையும் அளந்து கல் நட்ட மக்கள் நாம். பள்ளிவாசலிலும் கோயிலிலும் அரசுக் கந்தோரிலும் முதியவர் ஏறும் படியின் உயரத்தை அளக்க மறந்துவிட்டோம்.

திண்ணையும் அத்தகையதே. பழைய திண்ணை முதியவரின் முழங்காலுக்குச் சற்று மேலாக உயர்ந்து நிற்கும். ஆதலால் அமர்வதும் எழுவதும் எளிது. பக்கத்தில் நிற்கும் தூண் எழும்போது பிடிகம்பு ஆகும். முதியவர் வீட்டிலும் இருந்தார், வீதியிலும் இருந்தார். போவார் வருவாரோடு இரண்டு சொற் பேசினார். இன்று திண்ணை போயிற்று. ஆளுயர மதிலும் இரும்புப் படலையும் வந்தன. முதியவர் பின்னறைக்குப் போனார். அவரைப் பின்னறைக்கு அனுப்பியது பிள்ளையின் மனமன்று, வீட்டின் வரைபடம்.

வீட்டுக்குள் சில அளவுகள்

ஆசிரியரும் மாணவரும் படிக்கும் இப்பகுதியிற் சில அளவுகளைக் கூறுதல் பிழையாகாது. அளவு தெரியாத அன்பு பல வேளைகளிற் பயன்படுவதில்லை.

முதலாவது கதிரை. இருக்கை தரையிலிருந்து பதினேழு அல்லது பதினெட்டு அங்குல உயரமாயின் பெரும்பாலான முதியோர்க்கு எழுவது எளிது. கைபிடிகள் இருத்தல் வேண்டும். முழங்கால் வலிமை இழந்தவர் கையை ஊன்றியே எழுகின்றனர். நாம் முதியவர்க்கு மரியாதையாக இடுவதோ சாய்மனைக் கதிரை. அதன் துணி தாழ்ந்து தொங்கும். அதில் அமர்வது சுகம், எழுவது போராட்டம். மரியாதையாகத் தந்த இருக்கையே அவரைக் கட்டிப்போடுகின்றது.

இரண்டாவது படியும் சரிவும். ஒரு படியின் உயரம் ஏழு அங்குலத்தை மிஞ்சலாகாது. எல்லாப் படிகளும் ஒரே உயரமாயிருத்தல் அதனினும் இன்றியமையாதது. கண் பார்ப்பது முதற்படியை; ஏனையவற்றைக் கால் தன் நினைவினால் ஏறுகின்றது. ஒரு படி மட்டும் அளவு மாறினால் கால் ஏமாறும். சரிவு அமைப்பதாயின் ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது நன்கறியப்பட்ட கணக்கு. மூன்று படிகளின் உயரம் இருபத்தோர் அங்குலம் என்றால், சரிவு இருபத்தோரடி நீளவேண்டும். இடம் போதாவிடின் நடுவே திருப்பி மடித்துக் கட்டலாம். பொதுக்கட்டடங்கள் சிலவற்றின் வாயிலிலே ஐந்தாறடி நீளத்தில் இக்கணக்கை மறந்த சரிவுகளைக் கண்டிருப்பீர்கள். சக்கர நாற்காலியை அதில் ஏற்ற இருவர் வேண்டும். இறக்கும்போது மூவர் வேண்டும். அது சரிவன்று, சறுக்குமரம்.

மூன்றாவது மலசலகூடமும் குளியலறையும். பெரும்பாலான வீழ்ச்சிகளுக்கு அஞ்சவேண்டிய இடம் இதுவே. குந்தியிருக்கும் அமைப்பு முழங்கால் தேய்ந்தவர்க்குத் துன்பம். உயர்ந்த கொமட் அமைக்க வசதியில்லாதார் நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் கதிரையை அதன்மேல் வைக்கலாம். நான்கு கால்களும் வழுக்காமல் நிற்கின்றனவா என்று மட்டும் பார்க்கவேண்டும். சுவரிற் பதிக்கும் பிடிகம்பின் விட்டம் ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் வரை இருந்தால் உள்ளங்கை அதனை முழுமையாகப் பற்றும். துவாய் தொங்கவிடும் மெல்லிய கம்பி பிடிகம்பு ஆகாது. பாரம் விழுந்ததும் அது சுவரோடு பெயர்ந்துவரும். கதவு வெளிப்புறமாகத் திறத்தல் நன்று. உள்ளே ஒருவர் விழுந்துகிடந்தால் உட்புறம் திறக்கும் கதவை அவருடைய உடம்பே தடுத்துவிடும்.

நான்காவது வெளிச்சம். இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகின்றது. கண்மணி சுருங்குவதும் வில்லை மஞ்சளாவதும் காரணங்கள். ஆதலால் 'வெளிச்சம் போதுமே' என்று பேரன் கூறுவது தன் கண்ணால். மூத்தப்பாவின் கண்ணால் அன்று. வெள்ளைத் தரையில் வெள்ளைப் படி அமைத்தால் முதிய கண்ணுக்கு அங்கே படியே இல்லை. படியின் விளிம்பில் இரண்டங்குல அகலத்துக்குக் கறுப்போ சிவப்போ பூசுதல் ஒரு சிறு தகரச் சாயத்தோடு முடியும் வேலை.

தொழுகைக்கு முன் வுழூச் செய்யும் இடத்திலும், கோயிற் கேணிக் கரையிலும் இவ்வாறே எண்ணுதல் வேண்டும். தாழ்ந்த நீர்த்தொட்டியின் ஓரத்திற் குந்த இயலாதவர்க்கு உயர்ந்த கல்லிருக்கையும், அதற்கு நேரே நீர்க்குழாயும், எழுவதற்கொரு பிடியும் அமைத்தால் அவர் கூட்டுத் தொழுகையை இழக்கமாட்டார். பின்வரிசையிற் கதிரைகள் இடும் வழக்கம் பல பள்ளிவாசல்களில் வந்துவிட்டது. அக்கதிரை வரையில் வந்துசேரும் வழியும் அமைதல் வேண்டும்.

உலகம் கற்ற பாடம்

1784-ஆம் ஆண்டளவில், எழுபத்தெட்டு வயதினராகிய பெஞ்சமின் பிராங்கிளின் எட்டப் பார்க்க ஒரு கண்ணாடியும் கிட்டப் பார்க்க ஒரு கண்ணாடியும் மாற்றி மாற்றி அணிந்து சலித்து, இரண்டையும் பாதி பாதியாக ஒரே சட்டத்திற் பொருத்திக்கொண்ட செய்தியை எழுதியுள்ளார். தம் குறையைத் தாமே அறிந்த முதியவர் தமக்குத் தாமே வடிவமைத்தது அது. சுவீடன் நாட்டு ஐனா விபால்க் என்னும் அம்மையார் போலியோ நோயினால் நடை தளர்ந்தவர். 1978-ஆம் ஆண்டில் அவர் அமைத்த சக்கர நடைவண்டி இன்று உலகெங்கும் முதியோர் கைகளில் உருள்கின்றது. நோவு அறிந்தவரே மருந்தும் அறிந்தார்.

நோவு இல்லாதவர் எவ்வாறு அறிவது? அமெரிக்க வடிவமைப்பாளரான பற்றீசியா மூர் என்னும் இளம்பெண் இதற்கொரு வழி கண்டார். மூட்டுவாதம் உள்ள கையும் திறக்கக்கூடிய கதவைக் குளிர்ப்பெட்டிக்கு அமைக்கலாமே என்று அவர் தம் பணியிடத்திற் கேட்டபோது, அத்தகையோர்க்கு நாம் பொருள் செய்வதில்லை என்ற கருத்தில் விடை கிடைத்தது. 1979 முதல் 1982 வரையில் அவர் எண்பது வயது மூதாட்டியாக வேடம் பூண்டார். பார்வை மங்கும் கண்ணாடி அணிந்தார், காதை அடைத்தார், மூட்டு மடங்காதபடி கட்டுப்போட்டார். அவ்வாறே அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் நடந்து பார்த்தார். படியும் கதவும் பேருந்தும் முதுமைக்கு எத்துணைப் பகையென்பதை உடம்பினாற் கற்றார். பிறர் நோயைத் தம் நோய்போற் கொள்ளுதல் அறிவின் பயன் என்று நம் அறநூல்களைக் கற்பிக்கின்றோம். அவர் அதனை ஓர் ஆய்வுமுறையாகவே செய்து காட்டினார்.

மற்றொரு கதை அடுக்களையைப் பற்றியது. சாம் பார்பர் என்னும் வணிகரின் மனைவி பெற்சி, மூட்டுவாதத்தினால் தோல்சீவி பிடிக்க வருந்தினார். மெல்லிய உலோகப் பிடியை இறுகப் பற்ற விரல் இசையவில்லை. பருத்த, மென்மையான, ஈரத்திலும் வழுக்காத பிடி அமைத்தால் என்ன என்று கணவர் எண்ணினார். 1990-இல் ஒக்சோ என்னும் பெயரோடு அப்பொருள்கள் கடைக்கு வந்தன. வாங்கியோர் மூட்டுவாதக்காரர் மட்டுமல்லர், எல்லாரும் வாங்கினர். நோயுற்ற கைக்கு எளியது நலமுள்ள கைக்கும் இனியதன்றோ? நம் அடுக்களையில் தாழ்ந்த துருவலையின்மேல் ஒருக்கணித்து அமர்ந்து தேங்காய் துருவும் உம்மாமாரும், மேசையிற் பொருத்திச் சுழற்றும் துருவலை வந்தபின் கண்ட ஆறுதலும் இதே இனத்தது.

இவ்வுண்மையை அமெரிக்கக் கட்டடக் கலைஞர் றொனால்ட் மேஸ் 'அனைவர்க்குமான வடிவமைப்பு' என்ற கொள்கையாக வகுத்தார். அவரும் சக்கர நாற்காலியில் இயங்கியவர். முதியோர்க்கெனத் தனிவாயில் அமைப்பது அவர் நோக்கமன்று. ஒரே வாயிலை எல்லாரும் நுழையுமாறு அமைப்பதே நோக்கம். சரிவின் வழியே முதியவர் போவார். குழந்தை வண்டி தள்ளும் தாய் போவாள். நெல்மூடை ஏற்றிய கைவண்டியும் போகும்.

சட்டமும் வழக்கும்

இலங்கையிலே 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளர் உரிமைகளைப் பாதுகாத்தது. அதன்கீழ் 2006-ஆம் ஆண்டிற் பொதுவிடங்களை அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வெளியாயின. விதிகள் ஏட்டில் இருந்தன. வாயிற்படிகள் அவ்வண்ணமே நின்றன. கலாநிதி அஜித் சீ. எஸ். பெரேரா என்பார் இரசாயனவியலாளர். கிரிக்கெற் நடுவராகவும் விளங்கியவர். 1992-ஆம் ஆண்டில் மரமொன்று அவர் சென்ற ஊர்தியின்மேல் விழுந்தமையால் இடுப்பின்கீழ் இயக்கம் இழந்தார். அவர் 2009-இல் உயர் நீதிமன்றத்திலே தாமே வழக்குத் தொடுத்தார். 2011-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், புதிய பொதுக்கட்டடங்கள் அவ்விதிகளின்படி அணுகத்தக்கனவாக அமைதல் வேண்டுமென நீதிமன்றம் கட்டளையிட்டது.

அந்த வழக்கு முதியோர் பெயரால் நடந்ததன்று. ஆயினும் அதன் பயனை மிகுதியாகப் பெறுவோர் முதியோரே. இளமையில் மாற்றுத்திறனாளர் சிலர். நீண்டநாள் வாழ்வோமாயின் நம்மிற் பலர் அந்நிலையை அடைவோம். ஆகவே கிண்ணியா நகர சபையும் பிரதேச சபையும் ஒரு கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தரும்போது, பிறர்க்கு அருள்செய்வதாக எண்ணவேண்டுவதில்லை. வரைபடத்தில் ஒப்பமிடும் கையும் ஒருநாள் அந்தப் பிடிகம்பைத் தேடும்.

இரண்டு தடைகள்

இதற்கு மறுப்பாக இரண்டு கூறப்படும். ஒன்று செலவு. கட்டி முடித்த வீட்டை உடைத்து மாற்றுவது செலவுதான். கட்டும்போதே வாயிலை ஒரு சாண் அகலமாக்குவதும் நிலைப்படியைத் தரைமட்டமாக்குவதும் பெருஞ்செலவல்ல. 2004-ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின் இக்கரையில் எத்தனையோ வீடுகள் புதியனவாக எழுந்தன. அவற்றைக் கட்டிய நாளில் இளையவராயிருந்தோர் இன்று முதுமையை அடைந்துவருகின்றனர். வீடு கட்டுவோன் தன் ஐம்பதாண்டுக்குப் பிந்திய உடம்பையும் விருந்தினனாக எண்ணிக் கட்டுவானாக.

மற்றொரு மறுப்பு நம் பண்பாட்டின் பெயரால் வருவது. 'பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கைபிடித்து அழைத்துச் செல்ல இருக்க, எங்கள் பெற்றோர்க்குச் சுவரிற் கம்பி எதற்கு?' என்பர். அன்பு மிக்க கேள்வி; ஆயினும் இரண்டு உண்மைகளை மறந்த கேள்வி. பிள்ளை மத்திய கிழக்கில் உழைக்கின்றான். மருமகள் பள்ளியிற் கற்பிக்கின்றாள். பேரப்பிள்ளைகள் வகுப்பில் இருக்கின்றனர். காலை ஒன்பது மணிக்கு அந்தக் கையைப் பிடிப்பார் யார்? இது முதலுண்மை. எல்லாரும் வீட்டில் இருப்பினும், நள்ளிரவில் மூன்று முறை பிறரை எழுப்ப நாணி, நீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் முதியோர் உளர். இது இரண்டாம் உண்மை. நீர் குறைந்தால் நோய் மிகும். கேட்டுப் பெறும் உதவி எத்துணை அன்போடு தரப்படினும், கேட்க நேர்ந்ததே ஒரு சுமை. சுவரிலுள்ள கம்பியிடம் எவரும் நாணவேண்டியதில்லை. கம்பி அன்புக்கு மாற்றாகாது. அன்புடையார் இல்லாத வேளையில் அவர் விட்டுச்சென்ற கையாக அது நிற்கும்.

ஒன்றை எச்சரித்தல் வேண்டும். முதியோர்க்கென ஒரு பொருளைச் செய்வோர் முதியோரைக் கேட்டுச் செய்யவேண்டும். மருத்துவமனைக் கருவிபோல் தோன்றும் கோலை நாணத்தினால் மூலையில் வைத்துவிட்டு, சுவரைத் தடவி நடப்போர் பலர். தொடித்தலைக் கோலில் பூண் அழகாகவும் நின்றது என்பதை இங்கே நினைவுகொள்க. மதிப்பைக் குறைக்கும் பொருளை மனம் ஏற்பதில்லை.

பிசிராந்தையார் கூறிய காரணம்

ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமை எவ்வாறு என்று கேட்டார்க்குப் பிசிராந்தையார் விடையிறுத்த பாட்டு புறநானூற்றின் 191-ஆவது. அவர் மருந்தொன்றும் கூறினாரல்லர். மாண்புடைய மனைவியையும், அறிவு நிரம்பிய மக்களையும், தம் கருத்தறிந்து ஒழுகும் ஏவலரையும், முறைதவறாத வேந்தனையும் கூறி, முடிவிலே தாம் வாழும் ஊரையும் அங்கு வாழும் சான்றோரையும் கூறினார். ஒருவருடைய முதுமை அவர் உடம்பில் மட்டும் நிகழ்வதன்று. வீட்டிலும் அரசிலும் ஊரிலும் நிகழ்வது என்பதே அதன் கருத்து. ஊர் நன்றாயின் முதுமை இலேசாகும்.

ஆகவே ஆசிரிய நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். அளவைப் பாடம் நடத்தும் கிழமையில் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அளவுநாடா கொடுங்கள். தம் வீட்டு வாயிற்படியின் உயரத்தையும், குளியலறைக் கதவின் அகலத்தையும், மூத்தம்மா அமரும் கதிரையின் உயரத்தையும் அளந்துவரச் சொல்லுங்கள். அளந்தபின் அம்மூதாட்டியிடம் ஒரேயொரு கேள்வி கேட்டுவரச் சொல்லுங்கள்: 'இவ்வீட்டில் நீங்கள் போக அஞ்சும் இடம் எது?' விடையைக் கொப்பியில் எழுதட்டும். சரிவின் கணக்கை வகுப்பிலே போடட்டும். முப்பது மாணவர் கொண்ட வகுப்பாயின் முப்பது வீடுகளில் அச்சந்தரும் முப்பது இடங்கள் தெரியவரும். அவற்றுட் பாதி, ஒரு தச்சனும் ஒரு கொத்தனும் ஒரு முற்பகலிலே திருத்தக்கூடியனவாயிருக்கும்.